பத்தாம் வரிப் பிள்ளையார்

எங்கள் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வருகிறது என்றதும் முதலில் இடம் பறிபோனது தையல் டீச்சருக்கு. கட்டடத்திலேயே தூசி குறைவாக வரும் அறை அவருடையதுதான். தையல் மெஷின்களைத் தூக்கிக்கொண்டுபோய் மாடிப்படிக்குக் கீழே போட்டார்கள். அந்த அறையில் ஜன்னலை அடைத்து, ஏ.சி. மாட்டி, தரைக்குப் புது விரிப்புப் போட்டார்கள். தையல் டீச்சர் என்னோடு பல நாள் பேசவில்லை. பேசத் தொடங்கியபோதும், "ஒரு சட்டை தைக்கத் தெரியுமா உங்க மெசினுக்கு?" என்றுதான் ஆரம்பித்தார். தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். கம்ப்யூட்டரைப் பற்றி அன்றைக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது அது ஒன்றுதான்.

அருப்புக்கோட்டையில் கடைக்காரர்கள் கமிட்டி போட்டு நடத்திய பெண்கள் மேல்நிலைப் பள்ளி அது. எண்பதுகளின் நடுவில் நான் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ப்ளஸ் டூவில் கணிப்பொறியியல் என்று ஒரு பாடம் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது. விருதுநகரில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் வந்துவிட்டதாம் என்று யாரோ சொன்னது கமிட்டிக்காரர்களுக்குப் போதுமானதாக இருந்தது. விருதுநகர்க்காரர்கள் முந்திக்கொள்வதா? நம் ஊருக்கும் வேண்டும். யார் பாடம் எடுப்பது என்ற கேள்வி மட்டும் கடைசியில் வந்தது. ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டு, "கணக்குப் போடுற மெசினுதான? நீதான் பாக்கணும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஹெச்.எம். முன்னால் வரும் கோபத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து பாத்திரங்கள் மேல் காட்டுவதுதான் வழக்கம்.

கோடை விடுமுறையில் மதுரைக்குப் போய்ப் பயிற்சி எடுத்தேன். ஒரு மெஷினுக்கு நாலைந்து டீச்சர்கள். எல்லோருமே ஒருவரை ஒருவர் முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நின்றோம். போடுவது, அணைப்பது, பேசிக் மொழியில் சின்னச் சின்ன ப்ரோகிராம் எழுதுவது, ப்ளாப்பியை எந்தப் பக்கமாகச் செருகுவது. இவ்வளவோடு ஊர் திரும்பினேன்.

ஜூன் மாதம் ப்ளஸ் ஒன் சேர்க்கை நடந்தது. பத்தாம் வகுப்பில் கணக்கில் பள்ளிக்கே முதலாவதாக வந்த பெண்ணை ஹெச்.எம். உயிரியல் உள்ள முதல் குரூப்பில் எழுதிவிட்டார். அவளைக் கேட்கவே இல்லை. நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகளைக் கேட்காமல் அங்கே போடுவதுதான் அன்றைய மரியாதை. அவள் எம்.ரெட்டியபட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். ஒல்லியாக, இரட்டைச் சடையில், எப்போதும் எதையோ கணக்குப் பார்ப்பதுபோல உதட்டை மடித்துக்கொண்டிருப்பாள். என்னிடம் வந்து நின்றாள்.

"எனக்குத் தவளைய அறுக்கப் பிடிக்கல டீச்சர். உங்க குரூப்புல சேத்துக்கோங்க."

"தவளைக்குப் பயந்து வர்றதுக்கு இது என்ன சத்திரமா? அப்பாவக் கூட்டிட்டு வா" என்றேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான். என் குரூப்பில் சேர அதுவரை வந்தவர்கள் வேறு குரூப்பில் இடம் கிடைக்காதவர்கள்.

மறுநாள் காலையிலேயே அவள் அப்பா வந்தார். சம்சாரி. கரிசல் காட்டில் பருத்தியும் கம்பும் போடுகிறவர். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றபடியே பேசினார்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். இந்த மெசினு இவளுக்குப் பிடிபடுமா?"

"பிடிபடும். நான் பாத்துக்கிறேன்."

"எங்க தெருவுல இருந்து டவுனுக்குப் படிக்க வந்த மொதப் பொம்பளப்பிள்ள இவதான். பெயிலாகித் திரும்பி வந்தான்னா, அடுத்தால ஒரு பிள்ளையையும் பஸ் ஏத்த மாட்டாக. பெரிய டாக்டரு படிப்ப விட்டுட்டு என்னமோ பொட்டிப் படிப்புக்குப் போறாளாம்லன்னு இப்பமே கேக்காக. நீங்க சொல்றீக, நான் விட்டுட்டுப் போறேன்."

அந்த மெஷின் எனக்கே பிடிபடுமா என்று தெரியாத நேரத்தில் கொடுத்த வாக்கு அது. ஒரு பிள்ளை தேறுவதில் ஒரு தெருவே தொங்கிக்கொண்டிருக்கிறது என்று இவர் எதற்காக என்னிடம் சொல்லித் தொலைத்தார் என்று அவர் மேலேயும் கொஞ்சம் எரிச்சல் வந்தது.

அறை தயாராகி, மெஷின் வந்து சேர மாதங்கள் ஆயின. அதுவரை பாடப்புத்தகமும், சார்ட் பேப்பரில் நான் வரைந்த கீபோர்டும்தான். அந்தச் சார்ட்டைப் பெஞ்சில் விரித்து வைத்து விரலால் தட்டிப் பழகினார்கள். தட்டும்போது சிலர் வாயாலேயே டக் டக் என்று சத்தமும் கொடுத்தார்கள்.

பாடப்புத்தகம் எழுதியவர்கள் எங்கள் பக்கம் வந்ததே இல்லை என்பது இரண்டாவது பாடத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரித்துக் கட்டம் கட்டமாகப் படம் போடும் ப்ளோ சார்ட்டுக்கு அவர்கள் கொடுத்த உதாரணம், விமானத்துக்கு டிக்கெட் எடுப்பது. என் பிள்ளைகள் விமானத்தின் அடிவயிற்றை மட்டும் பார்த்தவர்கள். அதையும் அப்படியே மனப்பாடம் செய்து, ஒரு கட்டம் பிசகாமல் வரைந்து காட்டினார்கள். அழகான படங்கள். ஓரத்தில் பூக்கூடப் போட்டிருந்தார்கள். "டிக்கெட் இல்லேன்னா என்னடி செய்வீங்க?" என்று கேட்டால் எல்லோரும் புத்தகத்தைப் புரட்டித் தேடினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தகத்தை மூடிவைத்தேன்.

"குழாயில தண்ணி பிடிக்கிறதுக்கு ஒரு ப்ளோ சார்ட் போடுங்க. புஸ்தகத்தத் தொறந்தா கையை ஒடிச்சிருவேன்."

அருப்புக்கோட்டைப் பிள்ளைகளுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வகுப்பே குனிந்து எழுத ஆரம்பித்தது. டவுனுக்குள் இருந்து வரும் ஒருத்தி, 'தண்ணி வந்துருச்சா?' என்று ஒரு கட்டம் போட்டு, இல்லை என்ற அம்பை வளைத்து அதே கட்டத்துக்குள் கொண்டுவந்து விட்டிருந்தாள்.

"இப்பிடிப் போட்டா அதுலயே சுத்திக்கிட்டுக் கெடப்ப. எப்பிடி வெளிய வருவ?"

"வர முடியாது டீச்சர். எங்க தெருவுல அப்பிடித்தான்."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முடிவில்லாத சுற்று என்று புத்தகம் ஒரு பக்கத்துக்கு விளக்கியதை அந்த ஒரு அம்பில் எல்லோரும் புரிந்துகொண்டார்கள். அண்டா நிறையும்வரை குடம் குடமாக ஊற்றுவதை வைத்து அடுத்த பாடத்தை முடித்தேன். நரிக்குடிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி மட்டும், "எங்க ஊருல கம்மா கெடக்கு டீச்சர், போயி மோந்துட்டு வந்துருவோம்" என்று மூன்றே கட்டத்தில் படத்தை முடித்துவிட்டாள். அவளை எல்லோரும் பொறாமையோடு பார்த்தார்கள். ரெட்டியபட்டிக்காரி போட்ட படம்தான் வகுப்பிலேயே நீளமானது. வரிசையில் நடுவில் ஒருத்தி புகுந்தால் என்ன செய்வது என்பதற்குக்கூட அதில் வழி இருந்தது. அவள் உண்மையிலேயே கெட்டிக்காரி. வாக்குக் கொடுத்தது வீண்போகாது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

மெஷின்கள் வந்து இறங்கிய நாளில் கமிட்டித் தலைவர் தேங்காய் உடைத்தார். புதுக் கடை திறப்புக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் நடந்தது. வாழைக்கன்று, மாவிலை, சந்தனம், குங்குமம். சந்தனக் கிண்ணத்தோடு அவர் ஒவ்வொரு மெஷினாக வர, ப்ளாப்பி செருகும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நானும் கூடவே நடந்தேன். "டீச்சரம்மா, சாமி காரியத்துல குறுக்க நிக்காதீக" என்றார். "நெத்தியில வைங்க அண்ணாச்சி, வாயில வேண்டாம்" என்றேன். சிரித்துவிட்டு நெற்றியில் மட்டும் வைத்தார். செருப்பு வெளியே, தலைக்கு எண்ணெய் வழிய வழிய யாரும் உள்ளே வரக் கூடாது, மெஷினுக்கு உறை போடாமல் யாரும் வெளியே போகக் கூடாது என்று சட்டங்கள் வந்தன. அந்த உறைகளைத் தைத்துக் கொடுத்தவர் தையல் டீச்சர்தான். ஓரத்தில் சுருக்கு வைத்து, குழந்தைக்குத் தைப்பதுபோலத் தைத்திருந்தார்.

முதல் முறை தொடும் உரிமையை ரெட்டியபட்டிக்காரிக்குக் கொடுத்தேன். வகுப்பே அவளைச் சுற்றி நின்றது. கையைத் தாவணியில் துடைத்தாள். கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு ஒரே ஒரு எழுத்தைத் தட்டி, எண்டரையும் அழுத்தினாள். 'சின்டாக்ஸ் எரர்' என்று மெஷின் எழுதிக் காட்டியது. நீ எழுதியது தப்பு என்பதற்கு அதனிடம் இருக்கும் வார்த்தை அது.

"ஏண்டி யூவத் தட்டின? நான் எதுவும் சொல்லவே இல்லையே."

"பிள்ளையார் சுழி டீச்சர். இதுல தமிழ் எழுத்து இல்லேல்ல. அதான் யூ போட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க முடியவில்லை. எங்கள் ஊரில் ஒரு வெள்ளைத் தாள் இருந்தால் அதன் தலையில் முதலில் விழுவது உ தான். கல்யாண ஓலையோ, கடைக்குச் சாமான் சீட்டோ, பள்ளிக்கூடத்து வீட்டுப்பாடமோ, சுழி போடாமல் பேனா அடுத்த எழுத்துக்கு நகராது. இந்தப் பிள்ளைகள் ரஃப் நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் போடுகிறவர்கள். அதற்குப் போய் ஒரு மெஷின் தப்பு என்கிறது. சுற்றி நின்றவர்கள் ஒரு அடி பின்னால் போனதை நான் பார்த்தேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்கு நம் ஊர் வழக்கம் தெரியாது, அதற்குத் தெரிந்தது சில வார்த்தைகள்தான் என்று விளக்கிச் சொன்னேன். தலையை ஆட்டினாள். ஆனால் அன்றிலிருந்து அவளுக்கும் மெஷினுக்கும் ஒத்துவரவில்லை. தாளில் எழுதச் சொன்னால் ஒரு பிழை இருக்காது. மெஷின் முன்னால் உட்கார்ந்தால் விரல் காற்றிலேயே நிற்கும். ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். எங்காவது ஒரு கமா விட்டுப்போய் மெஷின் தப்பு என்று சொன்னால் போதும், அன்றைய பாடம் அதோடு முடிந்தது.

"மொதத் தட்டுக்கே தப்புன்னுருச்சு டீச்சர். எனக்கு இது ஆகாது போல."

"அது மெஷின்டி! ஸ்விட்ச அமத்துனா செத்துப்போற சாமான். அது சொன்னதுக்கா இப்பிடி ஒடுங்கிப் போற?" என்று கத்தினேன். கத்தினால் இன்னும் ஒடுங்கினாள். பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். பொறுமை எனக்கு நெடுநேரம் நிற்காது. பக்கத்தில் வேறொருத்தியை உட்காரவைத்துப் பார்த்தேன். அந்த இன்னொருத்தி தட்ட, இவள் வாயால் சொன்னாள். பரீட்சையில் அது நடக்குமா? செய்முறைத் தேர்வில் தனியாகத் தேற வேண்டும். எழுத்தில் எவ்வளவு வாங்கினாலும் செய்முறையில் போனால் போனதுதான்.

சந்தைக்கு வரும் நாளில் அவள் அப்பா பள்ளிக்கூட வாசலில் ஒரு நிமிடம் நிற்பார். "பிடிபட்டுருச்சா டீச்சர்?" என்பார். "படுது, படுது" என்பேன். மகள் பக்கத்தில் நின்று தரையைப் பார்ப்பாள். அந்த மனிதருக்கு நான் சொல்லிக்கொண்டிருப்பது பாதிப் பொய் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ப்ளஸ் டூ வகுப்பு தொடங்கி, காலாண்டுத் தேர்வும் வந்து போனது.

வழி புத்தகத்திலேயே இருந்தது. ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், மாதிரித் தேர்வுக்குக் கேள்வி எடுப்பதற்காகப் பக்கங்களைப் புரட்டினேன். ப்ரோகிராமில் வரிக்கு வரி எண் கொடுத்து எழுத வேண்டும். முதல் வரி பத்து, அடுத்தது இருபது, இப்படி. அதில் ஒரு வரியை 'ரெம்' என்று தொடங்கினால் மெஷின் அந்த வரியைத் தொடாமல் தாண்டிப் போய்விடும். எழுதுகிறவர் தமக்காகக் குறித்துக்கொள்ளும் வரி. இரண்டு மார்க் கேள்விக்காக இதை நானே பல தடவை சொல்லிக்கொடுத்து, பிள்ளைகள் பல தடவை ஒப்பித்தும் இருக்கிறார்கள். அன்றைக்குத்தான் அது என் மண்டையில் உறைத்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவளைக் கை கழுவவிட்டு இழுத்துக்கொண்டு வந்தேன்.

"தட்டு. பத்து. ரெம். ஒரு இடைவெளி. இப்ப உன் பிள்ளையாரப் போடு."

"தப்புன்னு சொல்லும் டீச்சர்."

"சொல்லாது. போடு."

யூவைத் தட்டினாள். எண்டரை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மெஷின் வாயே திறக்கவில்லை. அடுத்த வரிக்குப் போய் அமைதியாக மினுக்கிக்கொண்டு நின்றது.

"ஒண்ணும் சொல்லல டீச்சர்!"

"சொல்லாது. அது உன் வரி. அதுல நீ என்ன வேணா எழுதிக்கோ. மெஷின் கேக்காது."

சிரித்தாள். அந்த அறைக்குள் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். நான் சொல்லாமலேயே இருபதாம் வரியைத் தட்ட ஆரம்பித்தாள். எனக்குப் பசி எடுத்தது. என் தூக்குச்சட்டியில் ஆறிப்போயிருந்த சாப்பாடுகூட அன்றைக்கு ருசியாகத்தான் இருந்தது.

ஒரு வாரத்துக்குள் வகுப்பில் எல்லோருடைய பத்தாவது வரியிலும் பிள்ளையார் வந்து உட்கார்ந்துவிட்டார். மாதா கோயில் தெருப் பிள்ளை ஒரு கூட்டல் குறியைப் போட்டு, அது சிலுவை என்றாள். பள்ளிவாசல் தெருப் பிள்ளை 786 என்று போட்டாள். நான் எதையும் தடுக்கவில்லை. முன்பெல்லாம் மெஷின் முன்னால் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்ததுபோல உட்காருகிறவர்கள், இப்போது சொந்த வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு போவதுபோல வேலையைத் தொடங்கினார்கள். எனக்கு இவ்வளவு போதும் என்று இருந்தது.

செய்முறைத் தேர்வுக்கு வேறு மாவட்டத்திலிருந்து ஒரு சார் வந்தார். இளவயது, கண்டிப்பானவர். கமிட்டி அனுப்பிய காராச்சேவையும் கலர் சோடாவையும் தொடவில்லை. "ட்யூட்டி முடியட்டும் மேடம்" என்று தள்ளி வைத்துவிட்டார். உள்தேர்வாளராக நான் அறையில் இருக்கலாம், பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. முதலில் தாளில் ப்ரோகிராமை எழுத வேண்டும், பிறகு அதை மெஷினில் ஏற்றி ஓட்டிக் காட்ட வேண்டும். பிள்ளைகள் எழுதி முடித்து மெஷினில் தட்டிக்கொண்டிருந்தபோது அவர் தாள்களைப் புரட்டினார். ஒன்றைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், முதலாவதை மறுபடி எடுத்தார்.

"மேடம், இங்க வாங்க. இது என்ன? எல்லாப் பேப்பர்லயும் பத்தாவது வரியில யூ. இதுல கூட்டல் குறி. இதுல ஏதோ நம்பர். என்ன கோட் இது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அரசுத் தேர்வு விடைத்தாளில் எந்த அடையாளமும் போடக் கூடாது என்பது விதி. எழுத்துத் தேர்வில் சுழி போடாதீர்கள் என்று நாங்கள் வகுப்பு வகுப்பாகச் சொல்லிவிட்டு வருவோம். ஆனால் இது சுழி என்பதையே எல்லோரும் மறந்துபோயிருந்தோம். அது ப்ரோகிராமின் முதல் வரி, அவ்வளவுதான்.

"பிள்ளையார் சுழி சார். அது சிலுவை. அந்த நம்பர் என்னன்னு உங்களுக்கே தெரியும்."

"எதுவா இருந்தாலும் அடையாளம் அடையாளந்தான் மேடம். இத்தனை பேர் சேந்து போட்டிருக்காங்க. நான் ரிப்போர்ட் எழுதியாகணும்."

அவர் சொன்னது விதிப்படி சரி. அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. ரிப்போர்ட் போனால் முடிவை நிறுத்தி வைப்பார்கள், விசாரணை வரும், மாதக்கணக்கில் இழுக்கும். ரெட்டியபட்டித் தெருவுக்கு விசாரணைக்கும் பெயிலுக்கும் வித்தியாசம் யார் சொல்வது? அப்போது அவள் எழுந்தாள்.

"சார், ரெம் போட்ட வரிய மெசினு படிக்காது சார். வாசிக்கிறவுகளுக்காக எழுதுற வரின்னு புஸ்தகத்துல இருக்கு. நாங்க எங்களுக்காக எழுதிக்கிட்டது சார்."

"உன்னை நான் கேக்கலம்மா. உக்காரு."

உட்கார்ந்துவிட்டாள். அவர் தம் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். மேஜையில் நீவி வைத்தார். பேனா மூடியைக் கழற்றினார். அறையில் ஒருத்தியும் மெஷினைப் பார்க்கவில்லை, எல்லோரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். தாளின் உச்சியில் நட்டநடுவில் பேனாவை வைத்து, சின்னதாக, அழகாக, ஒரு உ போட்டார். போட்டுவிட்டு இடப்பக்கம் அனுப்புநர் என்று எழுதக் கையை நகர்த்தினார்.

முன்வரிசையில் ஒருத்தி அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்துவிட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து தாளைப் பார்த்தார். அவர் காது மடல் சிவந்துபோனது. மனிதர் நல்லவர். பேனாவை மூடினார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எல்லாரும் பத்தாவது வரிய எடுத்துட்டு ஓட்டிக் காட்டுங்க. பேப்பர்லயும் கோடு போட்டு அடிச்சிருங்க. இனி வர்ற பேட்சுக்கும் சொல்லிருங்க மேடம்" என்றார், யாரையும் பார்க்காமல்.

எனக்கு உயிர் வந்தது. ஆனால் பாதிதான் வந்தது. அந்த வரி இல்லாமல் அவள் என்ன ஆவாள் என்று யோசித்தேன். ஒரு வரியை எடுக்க வேண்டுமென்றால் அதன் எண்ணை மட்டும் தட்டி எண்டரை அழுத்த வேண்டும். மற்றவர்கள் தட்டிவிட்டார்கள். அவள் கை மெஷின் மேல் நின்றது. பேச முடியாமல் நான் சுவரோடு ஒட்டி நின்றேன். பிறகு அவள் தட்டினாள். பத்து. எண்டர். ஓட்டினாள், விடை சரியாக வந்தது.

அவர் அவள் பின்னால் வந்து நின்றார். எழுந்து பேசியவள் என்பதால் வந்தாரோ என்னவோ. "இதை அழிச்சிட்டு, நான் குடுக்கிற எண்கள்ல பெரியது எது, சின்னது எதுன்னு கண்டுபிடிக்க ஒண்ணு எழுது பாப்போம். பேப்பர் வேண்டாம், நேரா மெஷின்ல" என்றார். புத்தகத்தில் பெரியதைக் கண்டுபிடிப்பது மட்டும்தான் இருந்தது. இரண்டையும் சேர்த்து அவள் எங்கும் பார்த்ததில்லை.

உதட்டை மடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு இருபதாம் வரியிலிருந்து தொடங்கினாள். பத்தைக் காலியாக விட்டுவிட்டாள். நான் அதைப் பார்த்தேன், அவரும் பார்த்திருப்பார். வரி வரியாக ஏற்றிவிட்டு ஓட்டினாள். எழுபதாம் வரியில் சின்டாக்ஸ் எரர் என்று மெஷின் நின்றது. அவள் திரும்பி என் முகத்தைப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. எழுபதாம் வரியைப் பார்த்தாள். விரலை அந்த வரியின் மேலேயே ஓட்டி, விட்டுப்போன ஓர் அடைப்புக்குறியைக் கண்டுபிடித்துப் போட்டாள். மறுபடி ஓட்டினாள். பெரியதும் வந்தது, சின்னதும் வந்தது. அவர் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மார்க்கை எழுதினார். பக்கத்தில் நானும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் அந்த மார்க் எனக்குத் தெரியும். வெளியே சொல்லக் கூடாது என்பதும் தெரியும்.

மாலையில் கேட்டுக்கு வெளியே அவள் அப்பா நின்றிருந்தார். அன்றைக்குச் சந்தை கிடையாது. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, இதற்கென்றே வந்திருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். மார்க்கைக் கேட்டுவிடுவாரோ, என் முகமே சொல்லிக்கொடுத்துவிடுமோ என்று பயந்தேன். அவர் என்னிடம் கேட்கவில்லை. மகளிடம் திரும்பினார்.

"என்ன சொல்லுச்சு மெசினு?"

"நடுவுல ஒருக்கா தப்புன்னுச்சுப்பா."

"பெறகு?"

"எங்கன்னு பாத்துத் திருத்திட்டேன்."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அதற்குப் பிறகுதான் என்னிடம் பேசினார்.

"பக்கத்து வீட்டுக்காரன் அவன் மகள இங்க சேக்கலாமான்னு கேட்டுக்கிட்டே இருக்கான் டீச்சர். முடிவு தெரியட்டும்னு நிறுத்தி வச்சிருந்தேன். அதுக்கு இனி என்ன காத்துக்கிட்டுக் கெடக்கிறது? வரச் சொல்லிறவா?"

"வரச் சொல்லுங்க" என்றேன்.